முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ்: சைக்கிள் டயர்ல இது தேவையா?

போன ரெண்டு மாசத்துல இதே கேள்வி மூணு பேர்கிட்ட இருந்து மூணு விதமா வந்துச்சு. ஒரு தம்பி ஹைப்ரிட் சைக்கிள் வச்சிருக்காரு, பின்னாடி டயர் தேஞ்சு நூல் தெரிய ஆரம்பிச்சிருச்சு, கடையில 32 (டயர் அகலம், எம்எம்ல) ஸ்டாக் இல்ல 35 தான் இருக்குன்றாங்க, முன்னாடி 32 நல்லாத்தான் இருக்கு, அதை அப்படியே விட்டுட்டு பின்னாடி மட்டும் 35 போடலாமாண்ணான்னு கேட்டாரு. இன்னொருத்தங்க பையனை பின்னாடி சீட்ல உக்கார வச்சு தினம் ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போறவங்க, வாரம் ஒரு பஞ்சர், எப்பவும் பின்னாடி வீல்தான். மூணாவது ஆளு ரோடு பைக், 28 டயர், ஈசிஆர்ல அறுபது கிலோமீட்டர் தாண்டுனா சுண்டு விரல் மரத்துப் போகுதுன்றாரு.

மூணு பேருமே கடைசில கேக்குறது ஒண்ணுதான், ரெண்டு வீலுக்கும் வேற வேற அகலத்துல டயர் போடலாமா? போடலாம். சைக்கிள் ஒரு பக்கமா இழுக்காது, உடையாது, ரோட்டுல எவனும் கவனிக்கவும் மாட்டான். ஆனா எந்தப் பக்கம் அகலம் போடணும்ன்றதுலதான் மூணு பேருக்கும் மூணு பதில்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், "28"ன்னா எந்த 28?

நான் இங்க பேசுறது அகலம் மட்டும்தான். டயரோட உள் விட்டம் ரிம்முக்கு சரியா இருந்தே ஆகணும், அதுல விளையாட முடியாது. டயர் பக்கவாட்டுல 32-622ன்னு எழுதியிருக்கும் பாருங்க, 32ன்றது அகலம் எம்எம்ல, 622ன்றது டயர் ரிம்ல உக்கார்ற இடத்தோட விட்டம். 700சின்னு சொல்றது, 29 இன்ச்ன்னு சொல்றது எல்லாமே இந்த 622தான். 27.5 இன்ச்னா 584, பழைய எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) 26 இன்ச்னா 559. நம்ம ஊரு கருப்பு சைக்கிள்ல வர்ற 28×1½ டயர் இருக்கே, அது 635. இது தெரியாம நான் ஒரு தடவை தெருமுனை கடையில போய் "28 டயர் இருக்காண்ணே"ன்னு கேட்டு, அவரு எடுத்துக் குடுத்ததை வீடு வரைக்கும் தோள்ல மாட்டிட்டு வந்து, ரிம்ல வச்சுப் பாத்தா தொளதொளன்னு கழண்டு விழுது. நான் கேட்டது 28 எம்எம், அவரு குடுத்தது 28 இன்ச். ரெண்டு பேரு மேலயும் தப்பில்ல.

எதை வச்சு முடிவு பண்றது

நான் பாக்குறது அஞ்சு விஷயம், எல்லாத்துக்கும் ஒரே முக்கியத்துவம் கிடையாது.

முதல்ல பாரம். சாதாரணமா உக்காந்து ஓட்டும்போது மொத்த எடையில பாதிக்கு மேல பின் வீல்லதான் இருக்கும், முன்னாடி 45 சதவீதம் பின்னாடி 55 சதவீதம்னு வச்சுக்கலாம், நிமிந்து உக்கார்ற சைக்கிள்ல பின்னாடி இன்னும் ஏறும். உங்களுக்கு எவ்வளவுன்னு தெரியணும்னா வீட்டுல எடை பாக்குற மெஷினை முன் வீலுக்கு அடியில வச்சு, பின் வீலுக்கு அடியில அதே உயரத்துக்கு ரெண்டு பழைய டைரியை வச்சு, சுவத்துல லேசா கை வச்சுக்கிட்டு ஓட்டுற மாதிரி உக்காந்து பாருங்க, கூட ஒருத்தர் நின்னு நம்பரை படிக்கணும். அப்புறம் மெஷினை பின்னாடிக்கு மாத்துங்க. அஞ்சு நிமிஷ வேலை, ஆனா இதை பண்ணாம டயர் வாங்குறவங்கதான் நிறைய.

ரெண்டாவது வழுக்கல். பின் வீல் வழுக்குனா பின்பக்கம் கொஞ்சம் ஆடும், மனசு திக்குன்னு ஆகும், பெரும்பாலும் சமாளிச்சிடலாம். முன் வீல் வழுக்குனா சமாளிக்க நேரமே கிடையாது. எனக்கு ஒரு மழைநாள்ல ஜீப்ரா கிராசிங் வெள்ளை பெயின்ட் மேல முன் வீல் போச்சு, பிரேக் கூட புடிக்கல, லேசா திரும்பினேன் அவ்வளவுதான், என்ன நடந்துச்சுன்னு புரியும்போது இடது முழங்கை எரிஞ்சுட்டு இருந்துச்சு. அப்ப என் சைக்கிள்ல முன்னாடி 25, பின்னாடி 28. அகலமா இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது, ஈரமான பெயின்ட் எதையும் வழுக்கும். ஆனா அன்னைக்கு அப்புறம் முன்னாடி ஒல்லி டயர் போடுற ஆசை போயிடுச்சு.

மூணாவது உடம்பு. முன் டயர் அதிர்வு கைக்கு வரும், பின் டயர் அதிர்வு சீட்டுக்கு வரும். பின்னாடி சீட், நம்ம சதை எல்லாம் கொஞ்சம் தாங்கிக்கும், கைக்கு அந்த வசதி இல்ல.

நாலாவது இடவசதி. முன் வீலை புடிச்சிருக்குற போர்க்குக்கு நடுவுல எவ்வளவு இடம், பின் வீலுக்கு ரெண்டு பக்கமும் போற பிரேம் குழாய், அதான் செயின்ஸ்டே, அதுக்கு நடுவுல எவ்வளவு இடம், பிரேக்கை தாண்டுமா, மட்கார்டு இடிக்குமா. மத்த எல்லா நியாயமும் பேசி முடிச்சிட்டு கடைசில இது ஒண்ணு "முடியாது"ன்னு சொல்லிட்டா கதை முடிஞ்சுது, அதனால இதை முதல்லயே பாத்துடுறது புத்திசாலித்தனம்.

அஞ்சாவது செலவு, டயர் விலையை சொல்லல, அப்புறமா வர்ற செலவு. தனியா சொல்றேன்.

வேகத்தை ஏன் பட்டியல்ல சேர்க்கலன்னு கேப்பீங்க. அகலமான டயர் மெதுவா போகும்ன்றது நம்ம மண்டையில ஏறி உக்காந்த பழைய கதை. ஒரே மாதிரி டயர்ல, ஒரே காத்தழுத்தத்துல அகலமானது கொஞ்சம் ஈசியாவே உருளும், ஏன்னா ரோட்டைத் தொடுற இடம் நீளமா இல்லாம அகலமா இருக்கும், டயர் அமுங்குறது குறைவு. நாம அகல டயர்ல காத்தை குறைச்சு ஓட்டுறோம், அதனால அந்த லாபம் ஏறக்குறைய சரியாயிடும். காத்தை கிழிச்சிட்டுப் போறதுல முன் டயர் ஒல்லியா இருந்தா லாபம் உண்டு, நிஜம்தான், ஆனா அது மணிக்கு முப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல விடாம ஓட்டுறவங்களுக்கு. நாம பெரும்பாலும் இருபத்தி ரெண்டுல போய்ட்டு டீ குடிச்சிட்டு வர்ற கோஷ்டி.

காத்து கணக்கு, இதை பாத்தா பாதி குழப்பம் தீரும்

அமெரிக்காவுல பிராங்க் பெர்டோன்னு ஒரு இன்ஜினியர், டயர் எவ்வளவு அமுங்குதுன்னு அளந்து அளந்து ஒரு சார்ட் போட்டாரு. பாரம் ஏறும்போது டயர் உயரம் 15 சதவீதம் அமுங்குற அளவு காத்து வச்சா நல்லதுன்றது அதோட சாரம். அந்த வழியில, ஆளு 75 கிலோ, சைக்கிள் 13 கிலோ, பாட்டில் பை ரெண்டு கிலோ, மொத்தம் 90, முன்னாடி 40 பின்னாடி 50ன்னு வச்சு நான் போட்ட கணக்கு இது. தோராயம்தான், அஞ்சு பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) கூட குறைய உங்க வசதிக்கு மாத்திக்கோங்க, டயர் மேல எழுதியிருக்குற அதிகபட்சத்தை மட்டும் தாண்டாதீங்க.

| டயர் அகலம் | முன்னாடி (40 கிலோ) | பின்னாடி (50 கிலோ) |
|---|---|---|
| 28 எம்எம் | 63 பிஎஸ்ஐ | 80 பிஎஸ்ஐ |
| 32 எம்எம் | 50 பிஎஸ்ஐ | 64 பிஎஸ்ஐ |
| 35 எம்எம் | 42 பிஎஸ்ஐ | 55 பிஎஸ்ஐ |
| 38 எம்எம் | 36 பிஎஸ்ஐ | 47 பிஎஸ்ஐ |

குறுக்கா பாருங்க. முன்னாடி 28க்கு 63, பின்னாடி 32க்கு 64. அதாவது முன்னாடி 28 பின்னாடி 32 போட்டா ரெண்டுலயும் ஒரே காத்து, ரெண்டும் ஒரே அளவு அமுங்கும். பின்னாடி அகலமா இருக்கணும்னு சொல்றவங்களோட நியாயம் மொத்தமும் இந்த ஒரு வரிதான், அது பொய் இல்ல. ஆனா அதே டேபிள் இன்னொண்ணும் சொல்லுது, ஒரே 32ஐ ரெண்டு பக்கமும் போட்டுட்டு முன்னாடி 50 பின்னாடி 64ன்னு காத்தை மாத்தி வச்சா அதே பலன் பைசா செலவில்லாம கிடைக்குது. ரெண்டு வீலுக்கும் ஒரே காத்து அடிக்கிற பழக்கம் நமக்கு கருப்பு சைக்கிள் காலத்துல இருந்து வந்தது, கட்டை விரலால அமுக்கிப் பாத்துட்டு "போதும்ணே"ன்னு சொல்ற பழக்கம். பிரச்சனை டயர் அகலத்துல இருக்குன்னு நினைக்கிற முக்கால்வாசி பேருக்கு பிரச்சனை பம்புலதான் இருக்கு.

முதல் வழி: ரெண்டும் ஒரே சைஸ், காத்து மட்டும் வேற

கம்பெனிக்காரன் குடுத்தது இதுதான், பெரும்பாலானவங்களுக்கு போதும்.

இதுல எனக்குப் புடிச்சது டயரை முன்பின் மாத்திப் போடுற வசதி. பின் டயர் முன் டயரை விட ரெண்டு மடங்குக்கு மேல வேகமா தேயும், பாரமும் அங்க, மிதிக்கிற விசையும் அங்க. ஷெல்டன் பிரவுன்னு அமெரிக்காவுல ஒரு மெக்கானிக், 2008ல இறந்துட்டாரு, உலகத்துல பாதி சைக்கிள்காரங்க இன்னும் அவரு எழுதி வச்சதைத்தான் படிச்சிட்டு இருக்காங்க. அவரு சொன்ன முறை: பின் டயர் தேஞ்சா புது டயரை பின்னாடி போடாதீங்க, முன்னாடி இருக்குறதை பின்னாடி மாத்திட்டு புதுசை முன்னாடி போடுங்க. நல்ல டயர் எப்பவும் முன்னாடி, ஏன்னா முன் டயர் வெடிச்சாலோ வழுக்குனாலோ ஆளு விழறது கிட்டத்தட்ட நிச்சயம். ரெண்டும் ஒரே சைஸா இருந்தா இதை யோசிக்காம பண்ணலாம். ஸ்பேர் டியூப் ஒண்ணு போதும், லாங் ரைடு போனா மடக்குற ஸ்பேர் டயரும் ஒண்ணு போதும்.

குறைன்னு பாத்தா, பிரேம்ல எந்தப் பக்கம் இடம் கம்மியோ அந்தப் பக்கம்தான் உங்க அளவை முடிவு பண்ணும். நிறைய சைக்கிள்ல போர்க்ல 38 வரைக்கும் போகும், பின்னாடி செயின்ஸ்டே நடுவுல 35க்கே மூச்சு முட்டும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு புடிவாதம் புடிச்சா முன்னாடி சும்மா கிடக்குற இடம் வீணா போகுது.

ரெண்டாவது வழி: பின்னாடி அகலம்

"பல்சர், புல்லட்ல எல்லாம் பின் டயர்தானே பெருசு, சைக்கிள்ல மட்டும் ஏன் மாத்தி யோசிக்கணும்?" இதை எத்தனை பேரு கேட்டிருப்பாங்கன்னு எண்ணி மாளாது. பைக்ல இன்ஜின் முறுக்கு பின் டயர் வழியா ரோட்டுக்குப் போகணும், பின்னாடி ஒரு ஆளும் உக்காருவாரு. நம்ம கால் குடுக்குற பவர் வீட்டு மிக்சி ஓடக்கூட பத்தாது, காய்ஞ்ச தார் ரோட்டுல அதை இறக்க எந்த டயரும் போதும். அதனால அந்த உதாரணத்துல பாதியை விட்டுடுங்க, பாரம்ன்ற பாதியை மட்டும் எடுத்துக்கோங்க.

பாரம் நிஜமாவே இருந்தா இந்த வழிக்கு ஈடு இல்ல. மேல சொன்ன 90 கிலோ கணக்குல பின்னாடி ஒரு குழந்தையும் சீட்டும் சேத்து 19 கிலோ ஏத்துங்க, சீட் பின் வீல் அச்சுக்கு மேலயோ பின்னாலயோ இருக்குறதால அது மொத்தமும் பின் வீல் தலையிலதான், 50 இப்ப 69 ஆச்சு. 28 டயர்ல இதை தாங்க 110 பிஎஸ்ஐ தாண்டணும், பல 28 டயர்ல அவ்வளவு அடிக்க அனுமதியே கிடையாது. 32ல 90 கிட்ட வரும். 38 போட்டா 70க்குள்ள முடியும். காத்து பத்தாம ஓட்டும்போது குழியில இறங்கினா டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல நசுங்கி பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். பஞ்சர் போடுறவரு ரெண்டு ஓட்டையை காட்டுனா அது ஆணி இல்ல, காத்து பத்தலன்னு அர்த்தம்.

ரேஸ் பக்கமும் இதே வழி வேற காரணத்துக்கு இருக்கு. கான்டினென்டல்ன்ற டயர் கம்பெனி அட்டாக், ஃபோர்ஸ்னு ஜோடியா வித்தாங்க, முன்னாடி போடுற அட்டாக் 22 எம்எம், பின்னாடி போடுற ஃபோர்ஸ் 24, அப்புறம் வந்த பதிப்புல 23ம் 25மா மாத்துனாங்க. முன்னாடி ஒல்லியா இருந்தா காத்தை கிழிக்கும், ஹேண்டில் சட்டுன்னு திரும்பும், பின்னாடி கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்ன்றது யோசனை. போக்குவரத்தை நிறுத்தி மூடுன வழவழ ரோட்டுல ரேஸ் ஓட்டுறவனுக்கு சரி. மணல் சிதறிக் கிடக்குற ரோட்டோரத்துல, லாரி ஹாரன் அடிச்சதும் ஒதுங்குற நமக்கு எதுக்கு முன்னாடி 23?

இப்ப என் கதை. ஏலகிரி போறதுக்கு முன்னாடி, ரெண்டு பக்கமும் பேனியர் (கேரியர்ல தொங்குற பை) மாட்டப் போறோமேன்னு என் ஹைப்ரிட்ல பின்னாடி 38 போடச் சொன்னேன், முன்னாடி 32 இருந்துச்சு. கடைக்காரர் "தாராளமா போகும் சார்"னு மாட்டி வீலை சுத்தி விட்டாரு, நல்லாத்தான் சுத்துச்சு. நானும் குனிஞ்சு பாக்கல. மலை ஏறும்போது நாலாவது கொண்டை ஊசி வளைவா அஞ்சாவதா, டிங்குன்னு ஒரு சத்தம், ஸ்போக்ஸ் ஒண்ணு போச்சு. ஸ்போக்ஸ் போனா வீல் கோட்டம் விழும், மூணு எம்எம் கோட்டம் விழுந்தாலும் மெதுவா வீட்டுக்கு வந்துடலாம், இடம் இருந்தா. எனக்கு இடது பக்கம் செயின்ஸ்டேக்கும் டயருக்கும் நடுவுல மொத்தமே ரெண்டு எம்எம்தான் இருந்திருக்கு. சர்ர்... சர்ர்...னு ஒவ்வொரு சுத்துக்கும் டயர் பிரேம்ல தேய்க்குது, இறங்கிப் பாத்தா செயின்ஸ்டேல பெயின்ட் போய் வெள்ளி மாதிரி அலுமினியம் தெரியுது, சுத்தி கருப்பா ரப்பர் தூள் அப்பிக் கிடக்கு. பக்கத்து ஸ்போக்ஸ் ரெண்டை லூஸ் பண்ணி, எதிர்ப்பக்கம் ஒண்ணை டைட் பண்ணி, எப்படியோ நடுவுக்கு கொண்டு வந்து பேனியரை கூட வந்த நண்பன் தலையில கட்டிட்டு இறங்கினேன். அந்த தழும்பு மேல இப்ப பொண்ணோட சிவப்பு நெயில் பாலிஷ் ரெண்டு கோட் இருக்கு.

அதுல இருந்து என் அளவுகோல் 6 எம்எம் ஆலன் கீ. காத்து அடிச்ச டயருக்கும் பிரேமுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மேலயும் அது உரசாம போகணும். போகலன்னா அந்த டயர் அந்த சைக்கிளுக்கு இல்ல, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. இன்னொண்ணு, டயர் மேல எழுதியிருக்குற அகலம் ரிம்மைப் பொறுத்து மாறும், அகலமான ரிம்ல 28 டயர் 30 வரைக்கும் விரியுறதை நானே அளந்து பாத்திருக்கேன்.

மூணாவது வழி: முன்னாடி அகலம்

எம்டிபிகாரங்களுக்கு இது சாதாரணம். முன்னாடி மேக்சிஸ் மினியன் டிஎச்எஃப்ன்ற டயர் 2.5 இன்ச், பின்னாடி 2.4 இல்ல 2.3ன்னு போடுறது அவங்க உலகத்துல யாரும் கேள்வியே கேக்காத செட்டப். முன் டயர் புடிக்கணும், பின் டயர் உருளணும், அவ்வளவுதான் அவங்க தத்துவம். ரோட்டுல ஓட்டுற நாம மட்டும்தான் இதை விசித்திரமா பாக்குறோம்.

ரோட்டுலயும் இதுக்கு நல்ல நியாயம் இருக்கு. பிரேக் புடிக்கும்போது எடை முன்னாடி பாயும், நல்லா இறுக்கிப் புடிச்சா பின் வீல் தரையில சும்மா தொட்டுட்டுதான் இருக்கும், மொத்த வேலையும் முன் டயருக்குத்தான். ஏலகிரி பதினாலு வளைவு, கொல்லிமலை எழுபது வளைவு, இறங்கும்போது சரிவும் சேந்து முன்னாடி தள்ளும். அங்க முன்னாடி 35 இருந்து பின்னாடி 32 இருந்தா கையில ஒரு தைரியம் வருது பாருங்க, அதை நம்பர்ல சொல்லத் தெரியல. கை மரத்துப் போறதுக்கும் நேரடியா உதவும், டேபிள்படி முன்னாடி 28ல 63 வைக்கணும், 32ல 50 போதும், அந்த வித்தியாசம் ஜல்லி பேந்த ரோட்டுல நல்லாவே தெரியும். போர்க்ல பொதுவா இடமும் தாராளமா இருக்கும், செயின் கியர்னு எந்தத் தொல்லையும் அங்க இல்ல.

ஹேண்டில் மாறிடாதான்னு ஒரு பயம் உண்டு. முன்னாடி 28ஐ 32 ஆக்கினா அச்சு நாலு எம்எம் மாதிரி உயரும், ஹெட் டியூப் (போர்க் நுழையுற பிரேம் குழாய்) கோணம் கால் டிகிரிக்கும் கம்மியா சாயும், டிரெயில் (அந்தக் குழாயோட கோடு தரையைத் தொடுற இடத்துக்கும் டயர் தொடுற இடத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) ஒரு மூணு எம்எம் கிட்ட கூடும். ஹேண்டில் ஒரு பொட்டு நிதானமாகும், முதல் நாள் மட்டும் தெரியும். 28ல இருந்து 40க்கு தாவுனா வேற கதை, அப்ப சைக்கிளே வேற மாதிரி ஆயிடும், அந்த அளவு வித்தியாசம் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு படி, அதிகபட்சம் ரெண்டு படி.

இதோட குறை என்னன்னா பின்னாடி ஒல்லியா விட்டதால பின் டயர்ல காத்து அதிகம் வேணும், முன்னாடி 32க்கு 50, பின்னாடி 28க்கு 80ன்னு முப்பது பிஎஸ்ஐ வித்தியாசம் வந்துடும். பம்ப்ல மீட்டர் இல்லாதவங்க இதை நினைச்சே பாக்கக்கூடாது. கனமான ஆளு, இல்ல கேரியர்ல லோடு ஏத்துறவங்கன்னா பின் ரிம் அடி வாங்கும், ஸ்போக்ஸ் போகும், நசுங்கு பஞ்சர் வரும்.

மூணையும் பக்கத்துல வச்சா

| | ரெண்டும் ஒண்ணு | பின்னாடி அகலம் | முன்னாடி அகலம் |
|---|---|---|---|
| பின்னாடி லோடு | ஓரளவு | நல்லா தாங்கும் | வேண்டாம் |
| முன் புடிப்பு, இறக்கம் | டயர் அகலத்தைப் பொறுத்து | மூணுல கடைசி | நல்லது |
| கை அதிர்வு | காத்தை குறைச்சா சரியாகும் | உதவாது | குறையும் |
| சீட் அதிர்வு | ஓரளவு | குறையும் | உதவாது |
| காத்து வித்தியாசம் | 11ல இருந்து 17 பிஎஸ்ஐ | கிட்டத்தட்ட ஒண்ணு | 20ல இருந்து 30 |
| பிரேம்ல இடம் | கம்மி இருக்குற பக்கம் தடுக்கும் | பெரும்பாலும் இங்கதான் மாட்டும் | பொதுவா இருக்கும் |
| டயரை முன்பின் மாத்துறது | ஈசி | பின் அகலம் குறையும் | செயின்ஸ்டே விட்டா மட்டும் |

அப்புறமா வர்ற செலவு

டியூப். கடையில 700×28/32ன்னு ஒரு சைஸ், 700×35/43ன்னு ஒரு சைஸ் வரும். 28ம் 32மும் கலந்தா ஒரே டியூப் போதும், 32ம் 35மும் கலந்தா கோட்டைத் தாண்டிட்டீங்க. அவசரத்துக்கு சின்ன டியூபை பெரிய டயர்ல போட்டு வீடு வந்துடலாம், அது விரிஞ்சுக்கும். பெரிய டியூபை சின்ன டயர்ல போடாதீங்க, உள்ள மடிஞ்சு மடிப்புலயே ஓட்டை விழும். அதனால ஒரே ஒரு ஸ்பேர்தான் எடுத்துட்டுப் போறீங்கன்னா சின்ன சைஸை எடுத்துட்டுப் போங்க.

பிரேக். பழைய ரோடு பைக்ல வர்ற, ரிம்மை ரெண்டு பக்கமும் கவ்வுற காலிப்பர் பிரேக் 25, போனா போகுது 28 வரைக்கும்தான் விடும். மாட்டினாலும் வீலை கழட்டும்போது காத்தடிச்ச டயர் பிரேக் கட்டை நடுவுல வராது, ஒவ்வொரு பஞ்சருக்கும் காத்தை இறக்கி ஏத்தணும். டிஸ்க் இருந்தா இந்தத் தலைவலி இல்ல.

ரிம். உள்ளகலம் 17, 19 எம்எம் இருந்தா 28ல இருந்து 38 வரைக்கும் பொதுவா பிரச்சனை வராது. பழசு 13, 15 எம்எம் ரிம்ல 35ஐ ஏத்தி காத்தை குறைச்சா வளைவுல டயர் தனியா ஆடுற மாதிரி ஒரு வழவழப்பு வரும், அது நல்லதுக்கில்ல.

வேகம், தூரம் காட்டுற சைக்கிள் மீட்டர் சின்ன விஷயம், சென்சார் எந்த வீல்ல இருக்கோ அந்த டயரோட சுத்தளவை எம்எம்லதான் போடணும், 700×28க்கு 2136, 700×32க்கு 2155. மாத்தலன்னா நூறு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் தப்பும், உங்க நண்பன்கிட்ட சண்டை போட அது போதும்.

அப்புறம் மட்கார்டு. அகலத்துக்கு வாங்கினது ஒரு பக்கம் பத்தாது, ரெண்டு செட் வாங்க வேண்டி வரும், இல்லன்னா நான் பண்ண மாதிரி ஹாக்சா பிளேடு எடுக்க வேண்டி வரும்.

அந்த மூணு பேருக்கும் நான் சொன்னது

32 தேஞ்ச தம்பிக்கு: 35ஐ வாங்குங்க, ஆனா பின்னாடி போடாதீங்க. முன்னாடி இருக்குற நல்ல 32ஐ கழட்டி பின்னாடி மாட்டிட்டு புது 35ஐ முன்னாடி போடுங்க. பின்னாடி செயின்ஸ்டே இடிக்குமான்ற கவலையே வராது, புது டயர் இருக்க வேண்டிய இடத்துல இருக்கும். அவரு தனி ஆளு, அறுபத்தி ரெண்டு கிலோ, கேரியர் கூட இல்ல. கடைக்காரர் இதைக் கேட்டுட்டு சிரிச்சாராம், சிரிக்கட்டும்.

ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போறவங்களுக்கு: உங்களுக்கு பின்னாடி அகலம்தான், வேற பேச்சே இல்ல. ஆலன் கீ போட்டு பாத்ததுல 38 போகும்னு தெரிஞ்சுது, ரிம் உள்ளகலம் 19. முன்னாடி 32 அப்படியே இருக்கட்டும்னு சொல்லிருக்கேன், பஞ்சர் தாங்குற தடிமனான டயரா பாத்து வாங்கச் சொன்னேன், கனம் கூடுனா பரவால்ல, பையன் கூட உக்காந்திருக்கும்போது அரை கிலோவைப் பத்தி யாரு கவலைப்படுறது. பையன் வளர வளர காத்தை ஏத்திட்டே வரணும், அது மறந்து போற விஷயம், அதனால மாசம் ஒருக்கா அவனையும் எடை மெஷின்ல நிக்க வைங்கக்கான்னு சொன்னேன்.

சுண்டு விரல் மரத்துப் போறவருகிட்ட மட்டும் டயர் பேச்சையே எடுக்கல. எவ்வளவு காத்து வைக்கிறீங்கன்னு கேட்டேன். "ரெண்டுலயும் நூறு, டயர்ல 115 வரைக்கும்னு போட்டிருக்கே"ன்னாரு. அதிகபட்சம்னு எழுதியிருக்குறதை அடிக்கணும்னு எழுதியிருக்குறதா எடுத்துக்கிட்டாரு, எழுபத்தி ரெண்டு கிலோ ஆளு. முன்னாடி 63, பின்னாடி 80 வச்சு ஒரு ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம் வரைக்கும் போய்ட்டு வந்து சொல்லுங்க, அப்பவும் மரத்துச்சுன்னா முன்னாடி 32 பத்தி பேசலாம்னு சொல்லிருக்கேன். மழை விடாததால அவரு இன்னும் போகல.